நாகுக் கன்றின் வாளி

கன்றுக்கு வெறிநாய் விசர் பிடித்துவிட்டது என்று முதலில் வாய் திறந்தவர் முத்துக்குமாரு. நான் அல்ல. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். இனிச் சொல்லப் போகிறவற்றில் எனக்குச் சாதகமாக இருப்பது அநேகமாக இது ஒன்றுதான்.

ஆவணி நடுப்பகுதி. சோளகக் காற்று இரைந்துகொண்டிருந்தது. எங்கள் கரவெட்டி ஒழுங்கையில், சின்னத் தெருதான், அந்த மாதம் எல்லார் வீட்டுச் சோற்றிலும் கொஞ்சம் மண் கடிபடும். கிணறுகள் கீழே போய்விடும். தண்ணீர் கீழே போகப் போக உவர் கூடும். ஒழுங்கையில் எட்டு வீடு, எட்டுக் கிணறு, எட்டும் உவர். குளிக்க, உடுப்புத் தோய்க்க, தென்னைக்கு விட அது போதும். குடிக்கவும் சமைக்கவும் வைரவர் கோயில் நல்ல தண்ணீர்க் கிணறு. விடிந்ததும் சைக்கிளின் பின்னால் பிளாஸ்டிக் கான்களைக் கட்டிக்கொண்டு அங்கே போவோம். பிறந்ததிலிருந்து இப்படித்தான். ஆகையால் எந்தத் தண்ணீர் யாருக்கு என்று ஒருவரும் யோசிப்பதில்லை. மனிதருக்குக் கோயில் கிணறு, மற்ற எல்லாவற்றுக்கும் வீட்டுக் கிணறு. மாடு மற்ற எல்லாவற்றோடும் சேர்த்தி.

என் பக்கத்து வளவு வாகீசனுடையது. நடுவில் கிடுகு வேலி. வாகீசன் மேசன் வேலை செய்கிறவன், நாற்பது வயதிருக்கும். பேச்சுக் குறைவு. மனைவி தயாளினி அவனுக்கும் சேர்த்துக் கதைப்பாள். ஒரே மகள் தனுசியா மூன்றாம் வகுப்பு. ஆடி பிறந்த கையோடு அவர்களுடைய சிவப்பிப் பசு கன்று போட்டது. நாகு, அதாவது பெண் கன்று. தயாளினிக்கு நிலத்தில் கால் படவில்லை. ஈன்றதும் சுரக்கும் கடும்புப் பாலை அவித்து எட்டு வீட்டுக்கும் கொடுத்தாள். நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

இரண்டாம் கிழமை பசுவுக்கு மடி வீங்கி, கன்றைக் கிட்ட அண்டவிடாமல் உதைக்கத் தொடங்கியது. கன்றை வாளியில் குடிக்கப் பழக்க வேண்டி வந்தது. அது பொறுமைசாலிகளின் வேலை. கன்று தலையை உயர்த்தித்தான் பால் தேடும். குனிந்து குடிக்க அதற்குத் தெரியாது. தயாளினி ஒரு நீல வாளியில் இளஞ்சூட்டுப் பாலை விட்டு, வலது கையின் இரண்டு விரலைக் கன்றின் வாய்க்குள் வைப்பாள். முலையென்று நினைத்து அது சூப்பும். சூப்பச் சூப்பக் கையை மெல்லப் பாலுக்குள் இறக்குவாள். முதல் நாள் வாளியை மூன்று தரம் கவிழ்த்தது. ஒரு கிழமையில் பழகிக்கொண்டது, ஆனால் விரல் இல்லாமல் குடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. காலையும் மாலையும் வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கு அந்தச் சூப்புகிற சத்தம் கேட்கும்.

கன்றுக்குப் பதினெட்டாம் நாளோ பத்தொன்பதாம் நாளோ, வேலிப் பொட்டுக்குள்ளால் ஒரு நாய் வந்து மாட்டுக் கொட்டிலுக்குள் புகுந்துவிட்டது. எங்கள் ஒழுங்கை நாய் இல்லை. வாயிலே நுரை. வாகீசன் கொக்கத்தடியை எடுத்துக் கலைத்தான். கடித்ததா இல்லையா என்று ஒருவரும் காணவில்லை. கன்றின் உடம்பில் காயம் எதுவும் தெரியவில்லை. மறுநாள் அந்த நாயைப் பிள்ளையார் கோயிலடியில் அடித்துக் கொன்றார்கள் என்று கேள்விப்பட்டோம். பிறகு மறந்துவிட்டோம். முப்பத்தோராம் நாள் வழக்கப்படி சிவப்பியின் பாலில் வைரவருக்குப் புக்கை பொங்கி, எட்டு வீடும் கூடி நின்று சாப்பிட்டது. அதிலும் நான் இரண்டு தரம்.

நாற்பதாம் நாள் கன்றுக்குக் கழிச்சல் பிடித்தது. வாகீசன் நெல்லியடிக்குப் போய் மருந்துக் கடையில் கழிச்சலுக்குக் கரைத்துக் கொடுக்கும் தூள் பைக்கற்றுகள் வாங்கி வந்தான். அதோடு கன்றுகளின் வளர்த்திக்கென்று விற்கும் கனியுப்புத் தூள் ஒரு பையும் வாங்கி வந்தான். கழிச்சல் பைக்கற்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வேலியடிக்கு வந்தான்.

"சோமண்ணை, ரெண்டு லீற்றர் தண்ணியிலை ஒரு பைக்கற் எண்டு போட்டிருக்கு. ரெண்டு லீற்றர் குடிக்குமோ உது?"

நான் முப்பத்திரண்டு வருடம் தபால் கந்தோரில் முத்திரை குத்தினவன். மாடு வளர்த்ததில்லை. ஆனாலும் ஒழுங்கையில் யாருக்கு எது வந்தாலும் என்னிடம் ஒரு யோசனை இருக்கும்.

"கழிச்சலுக்குத் தண்ணி குடுத்தால் இன்னும் கழியும், வாகீசன். தண்ணியை மறிக்க வேணும். ஒரு லீற்றரிலை ரெண்டு பைக்கற்றைத் தடிப்பாக் கரை. உந்தக் கனியுப்பிலையும் ஒரு பிடி போடு. அதை மட்டும் குடு, வேறை ஒரு சொட்டும் காட்டாதை. மூண்டு நாளிலை எழும்பித் துள்ளும்."

"பாலுமோ?"

"பாலும் வேண்டாம்."

"உங்களுக்கு வடிவாத் தெரியுமோ அண்ணை?"

"தெரியாமலோ சொல்லுறன்?" என்றேன். இந்த வரியை இப்போது எழுதக் கை கூசுகிறது.

அவன் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுத்து, நான் சொன்ன கணக்கில் கரைத்தான். தயாளினி நாளுக்கு மூன்று தரம் விரல் வைத்துப் பருக்கினாள். கழிச்சல் குறைந்தது. இரண்டாம் நாள் வாகீசன் என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்கும் புளுகமும் பெருமையுமாகத்தான் இருந்தது.

நான்காம் நாள் காலை, நான் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது தயாளினி கத்தினாள். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். கன்று கொட்டிலின் கப்புத் தூணில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு நின்றது. வாயில் நுரை. ஒன்றுமில்லாததைச் சப்பிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் தயாளினி கையை முன்னால் ஆட்ட அது இமைக்கவில்லை. பிறகு கால் நாலும் விறைத்து, பக்கவாட்டில் விழுந்து, ஓடுகிற மாதிரி நிலத்தை உதைக்கத் தொடங்கியது.

சத்தம் கேட்டு முத்துக்குமாரு வந்தார். ஒழுங்கையின் கடைசித் தொங்கலில் தோட்டம் செய்கிறவர், எழுபது வயது. படலையைத் தாண்டி நாலு எட்டு வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"பிள்ளை, இஞ்சாலை வா. அதைத் தொடாதை."

"என்ன அப்பு? ஏன்?"

"விசர். வன்னியிலை இருக்கேக்கை ஒரு மாட்டுக்கு வந்ததைக் கண்ணாலை கண்டனான். இதே நுரை, இதே உதைப்பு. அண்டைக்கு வந்த நாய் வேலை பாத்திட்டுது."

தயாளினி தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். ஆட்காட்டி விரலில் ஒரு வெட்டு. பசுவுக்குப் போடப் பனையோலை கிழிக்கும்போது மட்டையின் கருக்கு அறுத்தது. மூன்று நாளாகக் காயாமல் ஈரமாகவே இருந்தது. ஏனென்றால் அந்த விரலைத்தான் நாளுக்கு மூன்று தரம் கன்று சூப்பியது.

அவள் கத்தவில்லை. அந்தக் கையை உடம்பிலிருந்து விலக்கி நீட்டிப் பிடித்தபடி, வேறு யாருடையதோ கையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குள்ளிருந்து தனுசியா பள்ளிக்கூடச் சட்டையோடு ஓடிவந்து தாயைக் கட்டிப்பிடிக்கப் போனாள்.

"கிட்ட வராதை!"

அப்படியொரு குரலை அந்தப் பிள்ளை தாயிடம் கேட்டிருக்காது. நின்ற இடத்திலேயே அதற்கு முகம் கோணியது.

"அம்மா அடிக்கப் போறாவோ?" என்று தகப்பனிடம் கேட்டது.

"இல்லையம்மா, இல்லை. அம்மாவுக்குக் கையிலை மருந்து. நீ உள்ளை போ," என்றான் வாகீசன். அவன் உதடு வெளுத்திருந்தது.

அரை மணித்தியாலத்துக்குள் ஒழுங்கை முழுக்கப் படலைக்கு வெளியே நின்றது. உள்ளே ஒருவரும் கால் வைக்கவில்லை. எல்லார் முகத்திலும் ஒரே கேள்விதான்: முப்பத்தோராம் நாள் புக்கை. நாய் வந்தது அதற்கு முதல். பால் பொங்கினது, கொதித்தது, அதிலே ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் ஒருவருக்கும் சொல்லாமல் வீட்டுக்குள் போய், குசினியில் நின்று, விசரென்றால் தண்ணீர் இறங்காது என்பார்களே, எனக்கு விழுங்க முடிகிறதா என்று பார்த்தேன். முடிந்தது. நம்பிக்கை வராமல் இன்னும் இரண்டு பேணி குடித்தேன். என் மனைவி பத்மாவதி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன செய்யிறியள்?"

"தாகம்."

"வெக்கமாயில்லையோ? அங்கை அந்தப் பிள்ளை தனிய நிக்கிறாள்."

அவள் சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். நான் வேலியடியில் நின்றேன். வேலிக்கு இந்தப் பக்கம்.

முத்துக்குமாரு கன்றை அடித்துக் கொன்று குழியில் தாட்டுவிட வேண்டும் என்றார். அவர் பொல்லாதவர் இல்லை, பயந்துபோயிருந்தார். "இன்னொண்டைக் கடிக்க முந்தி முடிச்சுப் போடுவம், தம்பி. எட்டு வீட்டிலையும் குஞ்சு குருமன் இருக்குது." வாகீசன் மாட்டு டொக்டரின் கந்தோருக்குப் போன் அடித்தான். கன்றின் நிலையையும் தயாளினியின் விரல் வெட்டையும் சொன்னான். டொக்டர் குணலட்சுமி பேசினார். போனைச் சத்தமாகப் போட்டதால் எல்லாருக்கும் கேட்டது.

"கண்டுக்குட்டியை ஒருத்தரும் அடிக்கக் கூடாது, தொடவும் கூடாது. நான் வாறன். உங்கடை மனுசியின்ரை கையை இப்பவே சவுக்காரம் போட்டு, ஓடுற தண்ணியிலை பதினைஞ்சு நிமிசம் கழுவச் சொல்லுங்கோ. பதினைஞ்சு நிமிசம் எண்டால் பதினைஞ்சு நிமிசம்."

கிணற்றடியில் வாகீசன் தண்ணீர் வார்க்க, தயாளினி சவுக்காரத்தைத் தேய்த்தாள். நுரைக்கவில்லை. எங்கள் கிணறுகளில் அது என்றைக்கும் சரியாக நுரைக்காது, ஆவணியில் சுத்தமாக நுரைக்காது. வெள்ளையாகத் திரைந்து சீமெந்தில் வழிந்தது. அவள் தேய்க்கத் தேய்க்க அழத் தொடங்கினாள். "நுரைக்குதில்லை, பாருங்கோ. இது போகாது. உள்ளை போட்டுது. நுரைக்குதில்லை."

பத்மாவதி திரும்பி வந்து, எங்கள் குசினியில் இருந்த நல்ல தண்ணீர்க் கானை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். அன்றைக்குக் குடிக்கவும் சமைக்கவும் இருந்த முழுத் தண்ணீரும் அதுதான். அதை வார்த்து, தயாளினியின் கையைத் தன் கைக்குள் எடுத்து, தானே தேய்த்தாள். நுரை பொங்கி வந்தது.

"இனிப் போகும். பார், எவ்வளவு நுரை," என்றாள்.

"நீங்கள் என்ரை கையைத் தொடுறியள், அக்கா."

"தொட்டால் என்ன? எனக்குக் காயமோ கிடக்கு? பேசாமல் நில்லடி."

டொக்டர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயதிருக்கும். முழங்கை வரைக்கும் கையுறை போட்டுக்கொண்டு கொட்டிலுக்குள் போனார். கன்றின் கண்ணுக்குள் டோர்ச் அடித்தார். காதைத் தட்டினார். அது மறுபடியும் ஒருமுறை வலித்து உதைத்தது. நாயைப் பற்றிக் கேட்டார். கழிச்சலைப் பற்றிக் கேட்டார். வெளியே வந்து கையுறையைக் கழற்றும்போது கிணற்றடிச் சீமெந்தில் திரைந்து கிடந்த சவுக்காரத்தைக் கண்டார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது உவர்க் கிணறோ?"

"ஓம்."

"கண்டுக்கு மருந்து எந்தத் தண்ணியிலை கரைச்சனீங்கள்?"

"இதிலைதான்," என்றான் வாகீசன்.

"எவ்வளவு தண்ணிக்கு எத்தினை பைக்கற்?"

அவன் சொன்னான். கனியுப்பு ஒரு பிடி என்பதையும் சொன்னான். டொக்டர் கிணற்றில் ஒரு பேணி தண்ணீர் அள்ளச் சொல்லி, விரலால் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார்.

"அதைவிட வேறை தண்ணி ஏதும் குடிச்சதோ, இந்த நாலு நாளா?"

"இல்லை. மறிச்சுப் போட்டன்."

"மறிச்சனீங்களோ? கழியிற கண்டுக்கு? ஆர் உங்களுக்கு உப்பிடிச் சொன்னது?"

சோளகம் கிடுகுகளை உரசிக்கொண்டு போனது. நான் வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாகீசன் தலையைத் திருப்பி வேலியைப் பார்த்தான். ஒரு கணம்தான். அவன் கண் என் கண்ணில் பட்டது. பிறகு டொக்டரின் பக்கம் திரும்பினான்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. நானாத்தான் செய்தனான்."

நான் வாயைத் திறந்திருக்கலாம். ஒரு சொல் போதும். நான் திறக்கவில்லை.

டொக்டர் பேணியைக் கீழே வைத்தார். "உப்பு மூளைக்கு ஏறியிருக்கலாம். கண் தெரியாமப் போறது, உதைப்பு, நுரை எல்லாம் அதிலையும் வரும். ஆனால் பாத்து மட்டும் விசர் இல்லையெண்டு நான் சொல்ல மாட்டன். நாய் வந்தது உண்மை. பிள்ளை, நீங்கள் இப்பவே ஆசுப்பத்திரிக்குப் போய் ஊசியைப் போடுங்கோ. நாளைக்கு எண்டு நிக்காதேங்கோ."

"எனக்கு ஏதும் வருமோ டொக்டர்? உண்மையைச் சொல்லுங்கோ. எனக்கொரு பிள்ளை இருக்கு."

"ஊசி நேரத்துக்குப் போட்டால் காப்பாத்தலாம். அதுதான் உண்மை."

"புக்கை சாப்பிட்டனாங்கள்..." என்று படலைக்கு வெளியே இருந்து ஒரு குரல்.

"கொதிச்ச பாலிலை ஒண்டுமில்லை. எல்லாரும் வீட்டை போங்கோ," என்றார் டொக்டர்.

பிறகு கன்றுக்கு வந்தார். நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டும், ஆனால் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை அரைப் பேணி மட்டும். "இப்ப அதுக்குக் கடல் போலத் தாகம் இருக்கும். கத்தும். பாவம் பாத்து ஒரேயடியாக் குடுத்தியளோ, மூளை வீங்கிச் செத்துப் போகும். கையுறை போட்டு, போத்திலிலை விட்டுப் பருக்குங்கோ. மணிக்கூட்டைப் பாத்துச் செய்யிற ஆள் ஒராள் வேணும்."

வாகீசன் தயாளினியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். தனுசியாவை வைத்துக்கொள்வது பத்மாவதி. மிச்சம் யார்? பத்மாவதி வேலிக்கு மேலால் என்னைப் பார்த்தாள். முத்துக்குமாருவும் பார்த்தார். முத்திரை குத்தினவனுக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியாதா என்ன.

டொக்டர் தந்த கையுறைக்கு மேலே நான் இரண்டு சொப்பிங் பையைக் கட்டிக்கொண்டேன். போகும்போது தயாளினி திரும்பிப் பார்த்து, "அண்ணை, அவள் விரல் இல்லாமல் குடிக்க மாட்டாள். போத்தில் வாயை ஒரு பக்கமா வையுங்கோ," என்றாள். தனக்கு என்ன ஆகப் போகிறது என்று தெரியாமல் போகிறவள் கன்றின் குடியைச் சொல்லிவிட்டுப் போகிறாள்.

முற்பகல் பதினொன்றரையிலிருந்து நாலு மணி வரை நானும் கன்றும்தான். முதல் அரைப் பேணியைப் பருக்கும்போது பாதி நிலத்தில் ஊற்றுப்பட்டது. அது ஈரமான மண்ணை நக்கியது. கண் தெரியாமலே தலையைத் தூக்கிப் போத்தில் எங்கே எங்கே என்று தேடியது. அதன் நாக்கு என் பையில் பட்டபோதெல்லாம் நான் துள்ளி விலகினேன். அரை மணித்தியாலம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். அது கத்தியது. பக்கத்தில் சிவப்பி கயிற்றை இழுத்துக்கொண்டு தானும் கத்தியது. கான் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை மணி போல அதற்கு மீண்டும் வலிப்பு வந்தது. நான் கொட்டிலின் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றேன். அப்போது என் மனதில் ஒன்று ஓடியது. இதை நான் பத்மாவதியிடம்கூடச் சொன்னதில்லை. இது விசராகவே இருந்துவிட்டால் என்ன என்று நினைத்தேன். விசரென்றால் நாயின் வேலை. உப்பென்றால் என் வேலை. விசரென்றால் தயாளினியின் விரலுக்குள் அது இருக்கிறது என்பது அடுத்த மூச்சில்தான் ஞாபகம் வந்தது. ஒரு மூச்சு நேரம் நான் அந்தப் பெண்ணின் உயிரைக் கொடுத்து என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தேன். அறுபத்தொரு வயதில், சாணி மணக்கும் கொட்டிலில், என்னை நினைத்து எனக்கே பயம் வந்தது.

வைரவரே, உப்பாகவே இருக்கட்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன். அடுத்த அரைப் பேணியைச் சிந்தாமல் பருக்கினேன்.

நாலு மணிக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள். தயாளினி இரண்டு ஊசி போட்டிருந்தாள், இன்னும் போட வேண்டிய நாட்களை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மகளைப் பார்த்தாள், ஆனால் தொடவில்லை. தொடலாம் என்று ஆசுப்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அவளுக்கு மனம் வரவில்லை. அன்றிலிருந்து தனிக் கோப்பை, தனிப் பாய். ஒரு மிடறு தண்ணீர் குடிக்க முதல் கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று பத்மாவதி சொன்னாள். தொண்டை லேசாகக் கரகரத்தால் போதும், முகம் செத்துவிடும். கலகலவென்று கதைத்த வீடு. இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

கன்று இரண்டாம் நாள் சாகவில்லை. மூன்றாம் நாள் வலிப்பு வரவில்லை. வாகீசனும் நானும் முறை வைத்துப் பருக்கினோம். அவன் என்னிடம் நேரத்தைத் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை. "ஏழரை, அண்ணை." "ஓம், குடுத்திட்டன்." அவ்வளவுதான். ஐந்தாம் நாள் காலை நான் கொட்டிலுக்குள் போகும்போது அது எழும்பி நின்றது. நான் இடப்பக்கம் நகர அதன் தலையும் இடப்பக்கம் திரும்பியது. நான் வலப்பக்கம் நகர்ந்து பார்த்தேன். அதுவும் திரும்பியது. நான் சத்தம் போட்டு எல்லாரையும் கூப்பிட்டேன்.

எட்டாம் நாள் டொக்டர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "விசர் எண்டால் இவ்வளவு நாளும் நிண்டிராது. இது உப்புத்தான். ஊசியை மட்டும் இடையிலை விடாமல் போட்டு முடியுங்கோ, பிள்ளை."

தயாளினி கொட்டில் நிலத்தில் அப்படியே குந்தினாள். தனுசியா பின்னாலிருந்து மெல்ல வந்து, தள்ளிவிடுவாளோ என்று பயந்து பயந்து, தாயின் முதுகில் சாய்ந்தது. தயாளினி இரண்டு கையாலும், அந்தக் கையாலும்தான், பிள்ளையை முன்னுக்கு இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

டொக்டர் கனியுப்புப் பையை எடுத்து வாகீசனிடம் காட்டினார். "தூளிலை ஒரு பிழையும் இல்லை. வளருற கண்டுக்கு இது வேணும். ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி, தட்டி மட்டமா. தீனிலை கலந்து குடுங்கோ. தண்ணியிலை கரைக்கக் கூடாது. நல்ல தண்ணி எப்பவும் அதின்ரை முன்னாலை இருக்க வேணும். மனுசர் குடிக்கிற தண்ணி."

அன்றிலிருந்து வாகீசன் கோயில் கிணற்றுக்கு ஒரு கான் கூடக் கட்டிக்கொண்டு போனான். காலையில் நீல வாளியைக் கன்றின் முன் வைக்க முதல், அதில் ஒரு கை அள்ளித் தானே வாயில் விடுவான். விழுங்கிவிட்டுச் சொல்லுவான்: "உப்பில்லை." "ஓம், கொண்டாங்கோ," என்பாள் தயாளினி. ஒவ்வொரு நாளும் வேலிக்கு இந்தப் பக்கம் இது எனக்குக் கேட்டது. கோயில் கிணற்றுத் தண்ணீரில் உப்பில்லை என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் குடித்தான்.

புரட்டாதி பிறந்து மூன்றாம் நாள் நான் பொறுக்க மாட்டாமல் அவனுடைய வளவுக்குப் போனேன். அவன் கானைச் சரித்து வாளிக்குள் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். தயாளினி கன்றுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். விரலில் வெட்டு ஆறி வெள்ளைக் கோடாகக் கிடந்தது.

"வாகீசன், அண்டைக்கு டொக்டர் கேட்டவா..."

"டொக்டர் கனக்கக் கேட்டவா, அண்ணை."

"ஆர் சொன்னது எண்டு கேட்டவா. நீ..."

"நீங்கள் சொன்னியள், நான் கரைச்சன், இவள் பருக்கினாள்," என்றான் அவன், வாளியைப் பார்த்தபடி. "மூண்டு பேரும் அது நல்லா வரவேணும் எண்டுதானே செய்தனாங்கள்."

அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. தயாளினி தலை நிமிரவில்லை. அவளுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

வாகீசன் நீல வாளியைத் தூக்கி என் கையில் தந்தான். கனத்தது.

"இண்டைக்கு நீங்கள் பாருங்கோ, அண்ணை."

நான் ஒரு கை அள்ளி வாயில் விட்டேன். குளிர்ந்த தண்ணீர். விழுங்கினேன். கன்று தலையை நீட்டி வாளியை மணந்தது.

"உப்பில்லை," என்றேன்.

தயாளினி இரண்டு விரலைக் கன்றின் வாய்க்கு நேரே நீட்டி வைத்துக்கொண்டு, அன்று காலை முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வடிவாத் தெரியுமோ, அண்ணை?"

நான் இன்னொரு கை அள்ளிக் குடித்தேன்.